ரெண்டு மிஷினுக்கு ஒருத்தி

அந்த மேனேஜரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது அவனுக்கு ஒரு மரியாதையாகிவிடும். இத்தனை வருஷம் கழித்தும் அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்திய காலம். தேனியில் பருத்தி அரவை பேக்டரிகள் பெருகிக்கொண்டிருந்தன. வருசநாட்டுப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பருத்தி வந்து இறங்கும். அப்படி ஒரு பேக்டரியில் மிஷினுக்குப் பருத்தி போடுகிற வேலை எனக்கு. மிஷின் வாயில் பருத்தியைப் பரப்பினால் தோல் உருளை பஞ்சை இழுத்துக்கொள்ளும், கொட்டை கீழே உதிரும். வாயில் பருத்தி குறையவே கூடாது. குறைந்தால் உருளை காய்ந்து கிறீச்சிடும், தோல் கருகுகிற வாடை வரும், மேஸ்திரி கத்திக்கொண்டு ஓடி வருவார். அதனால் ஒரு மிஷினுக்கு ஒருத்தி என்று நிற்போம்.

பால்குடிப் பிள்ளைக்காரிகள் பிள்ளையைக் கூடவே கொண்டுவருவோம். மிஷின் வரிசைக்குப் பின்னால் உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளை அழுதால் தாய்க்காரி ஓடுவாள். அவள் பால் கொடுத்துத் திரும்புகிற வரைக்கும் பக்கத்து மிஷின்காரி ரெண்டு மிஷினுக்கும் சேர்த்துப் போடுவாள். இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. சொல்லியும் கொடுத்ததில்லை. அழுகைச் சத்தம் கேட்ட உடனே பக்கத்தில் நிற்பவளின் ஒரு கை இந்தப் பக்கம் நீண்டுவிடும், அவ்வளவுதான்.

என் பக்கத்து மிஷின் அக்காவினுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை, பிள்ளையும் இல்லை. அந்த வேலையை விட்டால் அவளுக்குக் கஞ்சி இல்லை. எனக்கும் அதே கதிதான். என் வீட்டுக்காரர் காலொடிந்து படுத்துக் கிடந்த வருஷம் அது. கையில் நாலு மாதப் பெண் குழந்தை.

அப்போதுதான் அந்த மகராசன் மேனேஜராக வந்து சேர்ந்தான். பம்பாயில் மில் வேலை பார்த்தவனாம், முதலாளிக்குச் சொந்தக்காரனாம். நியாயத்தைச் சொல்ல வேண்டும், முதலில் நல்ல காரியம்தான் செய்தான். களத்தில் காய்ந்த பருத்தியைக் கூடையில் அள்ளிக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு வருவோம். அவன் சுவரை இடித்து வழி விட்டான். சரிவாக ஒரு தகரம் போட்டு, களத்தில் தள்ளினால் பருத்தி மிஷினுக்குப் பின்னாலேயே வந்து விழும்படி செய்தான். இடுப்பு வலி பாதி குறைந்தது. "நல்லாருக்கணும் இந்த அய்யா" என்று நாங்களே வாய் நிறைய வாழ்த்தினோம். தூ!

அப்புறம் பாக்கெட் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் நிற்க ஆரம்பித்தான். யார் எப்போது தண்ணீர் குடிக்கப் போகிறாள், யார் எங்கே நிற்கிறாள், எல்லாவற்றையும் பார்த்தான். ஒருநாள் என் குழந்தை அழுதது, நான் ஓடினேன். திரும்பி வரும்போது அவன் அக்காவின் பின்னால் நின்று, அவள் கைகள் ரெண்டு மிஷினுக்கும் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான். காணாததைக் கண்டவன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

மறுவாரம் மேஸ்திரி வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு முதலாளி வாராக. அக்காவ ரெண்டு மிஷினுக்கும் போடச் சொல்லி மேனேஜர் காட்டப் போறாக. சரின்னு பட்டுச்சுன்னா ரெண்டு மிஷினுக்கு ஒருத்திதான். பாதிப் பேரு வீட்டுக்கு. புள்ளைக்காரிகதான் மொதல்ல."

சாயந்திரம் கிணற்றடியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கலங்காத ஆத்தா. நாளைக்கு எனக்கு ஒத்த மிஷினுக்கு மேல கை ஓடாது. காயுதா? காயட்டும். தோலு கருகுதா? கருகட்டும். இங்கன எவன் வந்து என்ன செய்யிறான்னு பாத்துருவோம்."

மறுநாள் குழந்தையை வயிறு முட்டக் குடிக்க வைத்துத் தொட்டிலில் போட்டேன். தூங்கிவிட்டது. என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். முதலாளி வந்தார், பக்கத்தில் அவன், கையில் கடிகாரம். என்ஜின் பெல்ட்டு ஓடியது. அக்கா தன் மிஷினுக்கு மட்டும் பரப்பினாள். என் மிஷினுக்கு எப்போதாவது ஒரு பிடி, அதுவும் ஓரமாக. கொஞ்ச நேரத்தில் உருளை கிறீச்சிட்டது. கருகல் வாடை வந்தது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதுக்குத்தானா என்னை வரச் சொன்னே?" என்று வாசல் பக்கம் திரும்பினார். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் குழந்தை வீறிட்டு அழுதது.

நான் எதையும் யோசிக்கவில்லை, ஓடினேன். தொட்டிலில் கையை வைக்கும்போதே பின்னால் கிறீச்சிடல் நின்றுவிட்டது. வாய் நிறையப் பருத்தி விழுந்தால் மிஷின் போடுகிற தடதடச் சத்தம் வேறு. அந்தச் சத்தம் ரெண்டு மிஷினிலும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கண் தொட்டில் மேல் இருந்தது. கைகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று அவன் துள்ளினான். "இத்தனை நேரம் வேணும்னே நடிச்சிருக்கா!"

அப்போதுதான் அக்கா தன் கைகளைப் பார்த்தாள். சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். "அய்யா, அது புள்ள அழுதுச்சுங்கய்யா. அவ வர்ற மட்டுக்குந்தாங்கய்யா. நாள் முச்சூடும் என்னால ஆகாதுங்கய்யா."

"முடியும்ங்கிறதைக் கண்ணால பார்த்தாச்சு. அப்புறம் என்ன?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். "ஏய்யா, எம்புள்ள பால் குடிக்கணும்னு அக்கா செஞ்சத, எம்புள்ள வாயில மண்ணப் போடுறதுக்கா எடுத்துக்கிட்டீக? நீங்களும் ஒருத்தி கிட்ட பால் குடிச்சுத்தான வளந்தீக? நல்லாருப்பீகளா?" மேஸ்திரி என்னை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார். அன்றைக்கே தொட்டில்களை அவிழ்த்து எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அந்தச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் காடுகளில் பருத்தி எடுக்கப் போனேன். மரத்தடியில் அதே சேலையில் தொட்டில் கட்டினேன். நான் எடுத்த பருத்தி வண்டியேறி அந்தப் பேக்டரிக்கே போகும். இதைவிட என்ன வேண்டும் ஒருத்தி வயிறு எரிய? அக்காவுக்கு ரெண்டு மிஷினும் நிரந்தரமாயின. பொழுது சாயும்போது அவளுக்குத் தோள்பட்டை வீங்கிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளாக வந்து சொல்லவில்லை. எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள், ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபமென்று ஊரே பேசிக்கொண்டது. கோபம் யார்மேல் என்று எனக்குத் தெரியாதா?

சந்தையில் ஒருநாள் எதிரே வந்துவிட்டாள். வெயிலில் என் இடுப்பிலிருந்த பிள்ளை சிணுங்கி, பின்பு வீறிட்டது. அக்காவின் ரெண்டு கையும் நெஞ்சு உயரத்துக்குத் தானாக எழும்பி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைந்தன. சந்தை நடுவில், வெறுங்காற்றில். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டாள். கைகளை முந்தானைக்குள் செருகி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றேன்.

"புள்ளைய அழ விடாத ஆத்தா" என்றாள். "எங்கையி நிக்க மாட்டேங்குது."