அறுநூறு கிராம் குறைந்த மூட்டை

அட்டையில் 1986 என்று எழுதிய என் சிறு நோட்டில், ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் இந்தக் குறிப்பு இருக்கிறது: "பழைய தராசு 80. புதியது 79.400. இயந்திரம் சரி." கடைசி இரண்டு சொற்களுக்கு நான் அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

அப்போது எடை இயந்திரம் பொருத்தும் வேலையில் இருந்தேன். திருவண்ணாமலையில், வேங்கிக்கால் போகும் வழியில், ஒரு எண்ணெய் மில்லில் மின்னணு எடை மேடை வைத்தோம். திங்கட்கிழமை ரசமட்டம் பார்த்து மேடையை நிறுத்தினேன். வெறும் மேடைக்குப் பூஜ்யம் வைத்தேன். அரசு முத்திரையுள்ள இருபது கிலோ கற்கள் ஐந்தை ஏற்றி, எண் காட்டும் பெட்டியில் நூறு வரும்வரை திருகைத் திருப்பினேன். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தேன். எங்கும் பிசகவில்லை. செவ்வாய்க்கிழமை மில்லில் அதற்குப் பூஜை போட்டார்கள். நான் வேலூருக்குப் போயிருந்தேன்.

நான் திரும்பி வந்த புதன்கிழமை, பழைய தராசில் நிறுத்த நிலக்கடலைப் பருப்பு மூட்டைகள் எல்லாமே புதியதில் குறைந்தன. பழைய தராசைப் பதினாறு வருடமாகப் பார்த்துவந்தவர் செங்கம் சாலைக் கிராமத்துக்காரர். மூட்டை கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் அவர் ஊர்.

"ஊர்க்காரனுக்கு ஜாஸ்தி போட்டே சிவந்த கைண்ணா உன்து" என்றார் மூட்டை தூக்குபவர்களில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இயந்திரம் சரிதானா என்று முதலாளி என்னைக் கேட்டார். கற்களை மறுபடி ஏற்றிப் பார்த்திருக்கலாம். அவை மரப்பெட்டிக்குள் போய்விட்டன. நானே சரிபார்த்த இயந்திரம். சரி என்றேன். எடைக்காரர் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, முத்திரையிட அரசு ஆய்வாளர் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கற்களை எடுத்தேன். மூன்று மூலைகளில் இருபது காட்டியது. வடகிழக்கு மூலையில் அவ்வளவு வரவில்லை. மேல் தகடு அடிச்சட்டத்தைத் தொடாமல், நடுவிலுள்ள, எடையை உணரும் லோடு செல்லின் மேல் மட்டும் நிற்க வேண்டும். தகட்டைத் தூக்கினேன். அந்த மூலையில், தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று இறுகிக் கிடந்தது. புது லாரிக்குச் சக்கரத்தடியில் வைப்பதுபோல, திருஷ்டிக்காக யாரோ செருகியிருக்கிறார்கள். மூட்டையின் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் பழைய தராசும் புதியதும் ஒன்றையே சொல்லின.

அன்றே பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். களத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? நான் கம்மி, ஜாஸ்தி போடலன்னு எனக்குத் தெரியும். மூட்டை தூக்கறவங்க சிரிச்சாங்க பாருங்க, அவங்க முன்னால சொல்லுங்க."

திரும்பி வந்தபோது மில் மூடியிருந்தது. முதலாளியை வீட்டில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்களைக் கூட்டித் தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். மறுநாள் எனக்கு விழுப்புரத்தில் வேலை. நான் இருந்து பார்க்கவில்லை.

புரட்டாசியில் எடைக்காரர் வேலைக்குத் திரும்பியதாக முதலாளியின் கார்டு வந்தது. ஆட்கள் முன்னால் முதலாளி சொன்னாரா என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை இதுவரை யாரிடமும் கேட்டு உறுதிசெய்ய எனக்கு வாய்க்கவில்லை.