ஓவன் ஏறாத இருநூறு பிஸ்கட்

அடைக்கலத்துக்குச் சமையலறையில் தெரிந்தது இரண்டே விஷயம். காப்பித்தூள் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ஒன்று. மனைவி ஜோதி கோபமாக இருக்கும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது இன்னொன்று. அப்படிப்பட்ட மனுஷர் அறுபத்திரண்டு வயதில் இருநூறு பிஸ்கட் செய்தார் என்றால் காட்டூரில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். சந்தேகம் இருப்பவர்கள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் சொல்வார்.

லால்குடிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்து, பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தவர். ஃபர்னஸில், அதாவது உலைப் பிரிவில் போட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனார். வெல்டிங் முடிந்து வரும் ராட்சச இரும்பு உருளைகளை உள்ளே தள்ளி, அளவாகச் சூடேற்றி, அளவாக ஆறவைப்பது வேலை. ஆறவைப்பதில்தான் அவருக்குப் பெயர். கதவை முன்கூட்டியே திறந்தால் இரும்பு விரிசல் விட்டுவிடும். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் அவசரப்படுத்தியபோது, "எழுத்துல குடுங்க சார், திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி எழுதிக் கொடுக்கவும் இல்லை, இவர் திறக்கவும் இல்லை. தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. எல்லா வீட்டிலும் இவரே சொல்லியிருந்தார்.

ஜோதியின் பெருமை வேறு. செப்டம்பர் மாதம் பங்குத் திருவிழா அன்று திருப்பலி முடிந்ததும் கோயில் வளாகத்தில் மாதர் சங்கத்தின் பலகாரக் கடை நடக்கும். அதற்கு இருநூறு பிஸ்கட் கொடுப்பது ஜோதி. மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, தெருமுனை பேக்கரி அடுப்பில் சுட்டு வாங்கி வருவாள். கடை முடிந்ததும் சங்கத் தலைவி சவரியம்மாள் டீச்சர் மைக்கைப் பிடித்து, நோட்டைப் பார்த்து, யார் எத்தனை வருஷமாக விடாமல் செய்கிறார்கள் என்று வாசிப்பார். போன வருஷத்தோடு ஜோதிக்கு இருபத்திரண்டு. மகள் கலைமதியின் கல்யாணம் நடந்த வாரத்தில்கூட அவள் விட்டதில்லை. சங்கத்தில் அவளுக்கு அடுத்த ஆளுக்கே பதினான்குதான்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அழுதாள்.

"ஏங்க, டீச்சருக்கு போன் பண்ணி என் பேரை எடுத்துடச் சொல்லுங்க. இருபத்திரண்டோட சரி."

"எதுக்கு எடுக்கணும்? நான் செய்றேன்."

ஜோதிக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. "நீங்களா? மாவு பிசைஞ்சு கை பழகவே ஒரு வாரம் ஆகுமே!"

"பிசையாத பிஸ்கட் இருக்காம். ஓவனும் வேணாமாம். கலைமதி வீடியோ அனுப்பியிருக்கா, பாரு."

வெண்ணெய், சர்க்கரை, பால், கோகோ பவுடர் நான்கையும் ஒன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இறக்கியதும் ஓட்ஸும் வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் போட்டுக் கிளறி, ஸ்பூனால் அள்ளி அள்ளி பட்டர் பேப்பரில் வைத்தால், ஆறும்போது தானே இறுகிக்கொள்ளும். அடைக்கலம் அந்த வீடியோவை ஆறு தடவை பார்த்தார். "கொதி வந்ததும் சரியா ஒரு நிமிஷம்" என்று அதில் ஒரு பெண் சொன்ன இடத்தில் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். நேரம் சொல்லி வேலை வாங்குகிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் ஜோதி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் முதல் ஈடு போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்து, அறுபது விநாடிக்கு ஒரு விநாடி கூடாமல் குறையாமல் கொதிக்கவிட்டு இறக்கினார். நாற்பது பிஸ்கட் நூல் பிடித்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. அதுவரை எல்லாம் சரி. ஆறவைக்கிற இடம் வந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. தட்டுகளை மூடி, மேலே இரண்டு பெட்ஷீட் போர்த்தி, ஜன்னலைச் சாத்தி, அறைக் கதவையும் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை யாரையும் உள்ளே விடவில்லை.

திறந்து பார்த்தால் மூடியெல்லாம் வியர்த்துக் கொட்டியிருந்தது. பிஸ்கட் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பேப்பரோடு ஒட்டிக்கொண்டு களியாகக் கிடந்தது.

"எதுக்குங்க பெட்ஷீட்டு?" என்று கேட்டாள் ஜோதி.

"சட்டுனு ஆறினா விரிசல் விட்டுடும்ல?"

கை உடைந்த பிறகு ஜோதி அன்றைக்குத்தான் சிரித்தாள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ, இது என்ன பாய்லரா? ஆவி வெளிய போனாத்தானே இறுகும்! திறந்து வெச்சு ஃபேனைப் போட்டு விடுங்க."

அடைக்கலம் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு உருளை ரிஜெக்ட் ஆனதில்லை. நாற்பது பிஸ்கட் மொத்தமாக ரிஜெக்ட். மனசு விட்டுப்போயிற்று. தூக்கிப் போடவும் மனசில்லாமல் அடுத்த இரண்டு நாளும் டீயோடு ஸ்பூனால் எடுத்துத் தின்றே தீர்த்தார்.

அடுத்த ஈட்டில் ஃபேன் சுழன்றது. அரை மணி கழித்து ஓரத்திலிருந்த ஒன்றை விரலால் தூக்கினார். பேப்பரை விட்டு முழுசாக எழும்பி வந்தது. கடித்தால் முதலில் கோகோ, பின்னாலேயே கடலை. இன்னொன்று எடுத்தார். பிறகு, எண்ணிக்கை குறையும் என்று கையைக் கட்டிக்கொண்டார். இருபது இருபதாகப் பத்து ஈடு, தின்ற இரண்டுக்குக் கடைசியில் இரண்டு கூடுதல். ஒவ்வொன்றுக்கும் கொதி வந்த நேரம், இறக்கிய நேரம், இறுகிய நேரம் என்று பென்சிலால் குறித்தார். கேட்க ஆளில்லை, இருந்தாலும் குறித்தார்.

திருவிழா அன்று கடை திறந்து அரை மணியில் பிஸ்கட் தட்டு காலி. வாங்கிப் போன இரண்டு பெண்கள் திரும்பி வந்து செய்முறை கேட்டார்கள். அடைக்கலம் ஜோதியின் பின்னால் நின்றுகொண்டு யார் எத்தனை எடுக்கிறார்கள், எப்படிக் கடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

கடைசியில் சவரியம்மாள் டீச்சர் நோட்டைத் திறந்தார். "பிஸ்கட், ஜோதி. கை உடைஞ்சும் விடல பாருங்க. தொடர்ந்து இருபத்திமூணாவது வருஷம்!" எல்லாரும் கை தட்டினார்கள். அடைக்கலம்தான் பலமாகத் தட்டினார். எதற்காக அடுப்படியில் இறங்கினாரோ அது பிழைத்துவிட்டது.

ஜோதி எழுந்து மைக்கை நோக்கிப் போனாள்.

"டீச்சர், மன்னிச்சுக்குங்க, அது தப்பு. என் கணக்கு போன வருஷத்தோட முடிஞ்சுது. இந்த இருநூறும் எங்க வீட்டுக்காரர் செஞ்சது. ஃபேனைப் போடச் சொன்னது மட்டும்தான் நான். அவர் பேரை எழுதுங்க. அடைக்கலம், முதல் வருஷம்."

மாதர் சங்கத்து நோட்டில் ஓர் ஆம்பிளை பேரா என்று டீச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுதினார். தொழிற்சாலையில் மாலையும் சால்வையும் போட்டு அனுப்பிய அன்று வராத கண்ணீர் இப்போது அடைக்கலத்துக்கு வந்தது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடினார், இல்லை.

ஜோதி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பாய்ந்தார். "என்ன காரியம் பண்ணே? இருபத்திமூணு போச்சே!"

"போகட்டுங்க. கை சரியானதும் அடுத்த வருஷம் நான் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுக்கறேன். அப்ப உங்களுக்கு ரெண்டு. நம்ம வீட்டுல நீங்கதான் சீனியர்."