வடிவக்காவின் படபடப்பு

கடைசி ஓவர். எட்டு ரன் வேண்டும். கையில் இரண்டு விக்கெட். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது... பட்டென்று டிவியை அணைத்துவிட்டார் எங்கள் அத்தான்.

ஏன் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே அடுக்களைப் பக்கம் காட்டினார். அங்கே வடிவக்கா கதவில் சாய்ந்தபடி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஹார்ட்டுல்லா... டென்ஷன் ஆவக் கூடாது" என்றார் ரகசியக் குரலில்.

இது நடந்தது இந்தக் கோடையில், புனே போபோடியில் இருக்கும் அவர்கள் வீட்டில். மேட்சில் ஜெயித்தது யார் என்பதைப் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் வெடித்த பட்டாசிலிருந்துதான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வடிவக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த அத்தானின், அதாவது என் கணவருடைய அண்ணனின், மனைவி. எனக்கு ஓரகத்தி. ஓரகத்திகள் என்றால் சண்டை போட்டே ஆக வேண்டும் என்று நம் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறதே... அதை நாங்கள் இருவரும் இன்றுவரை மதித்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி புனேக்கு வந்தவள், இங்கே வந்து பரீட்சை எழுதி பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, ஆபீசராக ஆனாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முகத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள் என்றுதான் நினைப்பீர்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. போன வருஷக் கடைசியில் தொடங்கியது அந்தப் படபடப்பு.

சும்மா உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாளாம். திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளுமாம். நடுவில் ஒரு துடிப்பு தவறும். அடுத்தது எகிறிக் குதிக்கும். கழுத்து நரம்பில் சத்தம் கேட்கும். உடம்பெல்லாம் சூடு, நெற்றியில் வேர்வை. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். வெண்டைக்காய் பாதியில் கிடக்கும்.

அத்தான் ஆடிப்போய்விட்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்கா ஒருத்தி, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிப் படுத்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓடிய தம்பி இவர்தான். அந்த ஓட்டம் இன்னும் அவர் உடம்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்கியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அத்தனை பெரிய மெஷின்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர், மனைவி நெஞ்சில் கை வைத்தால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்.

ஹார்ட் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, தைராய்டு என்று எதுவும் பாக்கியில்லை. இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வயதைப் பார்த்தால் வேறு காரணம் இருக்கும், லேடி டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார் அவர்.

இங்கேதான் வந்தது வினை.

லேடி டாக்டரின் அறை வாசலில் அம்மாவும் குழந்தையுமாக ஒரு பெரிய படம். உள்ளே இருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். அக்கா எழுந்தாள். அத்தானும் எழுந்தார்... நேராக வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?

டாக்டர் அக்காவிடம் நிதானமாக விளக்கியிருக்கிறார். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஹார்மோன் ஏறும், இறங்கும். அந்த ஆட்டத்தில் நெஞ்சும் சேர்ந்து ஆடும். பல பெண்களுக்கு வருவதுதான். காப்பியைக் குறை, நன்றாகத் தூங்கு, வரும்போது உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடு. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடி வா.

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார்: "என்ன சொன்னாவ?"

"பொம்பளையளுக்கு வாரதுதான்."

அவ்வளவுதான். அத்தான் தன் செருப்பைப் பார்த்தார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் மனசு சும்மா இருக்குமா? ஏதோ மறைக்கிறார்கள், ஹார்ட்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஸ்கூட்டர் சாவி அத்தானின் பீரோவுக்குள் போனது. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் அவர் எடுத்து, செய்தியை வடிகட்டித்தான் அக்காவிடம் கொடுப்பார். கெட்ட செய்தி கூடாது என்பது சரி. சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் அமைந்ததைக்கூட நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார். சந்தோஷமும் ஹார்ட்டுக்கு ஆகாதாமே? காய்கறி விற்கிற பாஜிக்காரன் தெருவில் கூவக் கூடாது என்று அவனிடம் போய் இந்தியில் கெஞ்சிய கதையும் உண்டு.

"ஏன்க்கா பேசாம இருக்கீங்க? உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஹார்ட்டுன்னா ஒரு மரியாத இருக்குட்டி" என்று சிரித்தாள். "ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாக்குதாவ. உள்ளதச் சொன்னேன்னு வையி, ஆம்பளையள்லாம் எந்திரிச்சி வெளிய போயிருவாவ."

யோசித்துப் பாருங்கள்... பொய்யா? இதயத்துக்கு ஒன்று என்றால் தெருவே விசாரிக்கும். கர்ப்பப்பைக்கு ஒன்று என்றால் கட்டியவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரெண்டும் ஒரே உடம்பில்தானே ஐயா இருக்கிறது?

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் பேங்கில் அக்காவுக்குப் பிரமோஷன் வந்தது. பழைய மும்பை ரோட்டில், கசார்வாடிக் கிளைக்கு மேனேஜர்.

ஏற்கெனவே இரண்டு முறை வந்ததை வேண்டாம் என்றவள் அவள். ஒரு முறை மகனுக்குப் பத்தாம் வகுப்பு. இன்னொரு முறை மாமியார் படுக்கையில். மூன்றாவது முறையும் மறுத்தால், பிறகு யாரும் கூப்பிடப் போவதில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"உயிரு இருந்தாத்தான் மேனேஜரு" என்று அத்தான் தீர்ப்பே எழுதிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. மீன்குழம்பு. அண்ணனும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் பரிமாறிக்கொண்டிருந்தோம். என் கணவர் பிரமோஷனைப் பற்றிக் கேட்டார். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாளைக்கு வேண்டாம்னு சொல்லிருவா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஹார்ட்டுல ஒண்ணுமில்ல. மாசாமாசம் வாரது நிக்கப் போவுது. அதுக்கு முன்னால இப்பிடித்தான் தாறுமாறா வரும், நெஞ்சும் அடிச்சிக்கிடும். டாக்டரம்மா தெளிவாச் சொன்னாவ. நாளைக்கு நான் சரின்னுதான் சொல்லப் போறேன்."

குரல் உயரவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

என் கணவர் மீன் முள்ளை எடுப்பதில் ஆழ்ந்துபோனார். இந்தக் குடும்பத்துக்கு நான் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சை ஆண்கள் காதுபட யாரும் பேசி நான் கேட்டதில்லை. அக்காவைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: "இத ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"ரூமுக்குள்ள வந்திருந்தா உங்க காதுலயே விழுந்திருக்கும். நீங்க வேப்பமரத்தடியிலல்லா நின்னிய?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். சரிதான், இன்றைக்குப் புயல் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்தவரின் குரல் உடைந்திருந்தது.

"எங்க அக்காவும் இப்பிடித்தான்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னா."

வடிவக்காவின் முகம் இளகிவிட்டது. "தெரியும். அதுக்குத்தானே எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம்? இன்னொரு தடவ போவோம். இந்தத் தடவ உள்ள வாங்க."

திங்கட்கிழமை காலையில் பேங்கில் சரி என்று சொன்னாள். சாயங்காலம் இருவரும் டாக்டரிடம் போனார்கள். அத்தான் உள்ளே போய் உட்கார்ந்தார். எத்தனை நாளைக்கு இருக்கும், ஹைவேயில் வண்டி ஓட்டலாமா, ஓட்டும்போது வந்தால் என்ன செய்வது என்று அவர் அடுக்கிய கேள்விகளில், பேஷன்ட் யார் என்று டாக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, அடங்கின பிறகு போகட்டும் என்றாராம் டாக்டர். மறுநாள் பீரோவைத் திறந்து சாவியை எடுத்தவரும் அத்தான்தான். பெட்ரோல் போட்டு, டயரில் காற்றடித்து, வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார்.

போன வாரம் கசார்வாடிக்கு ஒரு வேலையாகப் போனவள், அக்காவின் பேங்கில் எட்டிப் பார்த்தேன். மேனேஜர் அறையில் எனக்கு ஒரு ஓரத்து நாற்காலி. எதிரே லேத் பட்டறைக்காரர் ஒருவர், நல்ல ஆகிருதி, பழைய கடனே பாக்கியிருக்க, புதுக் கடன் கேட்டு மராத்தியில் பொழிந்துகொண்டிருந்தார்.

நடுவில் அக்கா கையை உயர்த்தினாள். "தோன் மினிட் தாம்பா." இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்று அர்த்தம். நெஞ்சு படபடக்கிறது, இப்போது நின்றுவிடும் என்றும் மராத்தியிலேயே சொன்னாள்... கரண்ட் போயிருக்கிறது, வந்துவிடும் என்பது போல. மேஜையில் இரு கைகளையும் ஊன்றி, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை விட்டாள். நெற்றியில் வேர்வை. நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். பட்டறைக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த கிளார்க் அம்மாள்தான் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். தனக்கும் ஒரு வருஷமாக இதேதான் என்றார் மெல்லிய குரலில். மேடம் வந்து இப்படி வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாராம்.

அக்கா கண்ணைத் திறந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "என்னட்டி பயந்துட்டியா? அது பாட்டுக்கு அடிக்கட்டும். நான் பாட்டுக்கு வேலயப் பாக்குதேன்." பிறகு பட்டறைக்காரர் பக்கம் திரும்பி, "ஹாம், போலா" என்றாள். அதாவது, சொல்லுங்கள்.

இளகிய மனசுக்கார அம்மாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இன்னும் உருக்கமாகத் தொடர்ந்தார். அவருக்குக் கடன் கிடைத்ததா என்று கேட்கிறீர்களா?

படபடத்தது நெஞ்சு மட்டும்தான்... புத்தி அல்ல. கிடைக்கவில்லை.