மீன் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

“அக்கா, உங்க மீனு திரும்ப மாட்டேங்குதுங்க.”

இரண்டு மாதம் முன்பு, காலை இட்லிக்கு நடுவே வந்த போன். பேசியவர் கொல்லிமலையில் இருக்கும் பழனியம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே போனது, ஏன் திரும்பவில்லை?

“எங்கயும் போகலீங்க. தொட்டிக்குள்ளதான் நிக்குது. ஒடம்பத் திருப்ப எடம் பத்தல.”

கொஞ்சம் விளக்க வேண்டும். கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர். அங்கே பழனியம்மாவும் அவர் கணவர் ராசுவும் மிளகும் காப்பியும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. வருடத்துக்கு ஒரு தடவை நான் போய்த் தங்கி எழுதுகிற அறை அது. மூன்று வருடம் முன்பு அவர்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, நாமக்கல்லில் ஒரு கடையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும், விரல் நீளத்தில் ஒரு மீனும் வாங்கிக்கொண்டு போனேன். ஜயன்ட் கௌராமி என்று கடைக்காரர் சொன்னார். பெயரிலேயே ‘ஜயன்ட்’ இருக்கிறதே என்று கேட்டேனா? கேட்டேன்! “தொட்டி அளவுக்குத்தான் மேடம் வளரும்” என்றார். நம்பிவிட்டேன். நம்புவதற்குச் சௌகரியமாக இருந்தது...

மீன் அப்படியெல்லாம் கணக்குப் பார்த்து வளர்வதில்லை. மீன் வளர்க்கும் தோழி ஒருத்தியிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நெருக்கடியான தொட்டியில் மீன் சின்னதாகவே நின்றுவிட்டால், அது அடக்கம் அல்ல — நோய். ஜயன்ட் கௌராமி நன்றாக வளர்ந்தால் இரண்டடி வரும். தொட்டியின் அகலம் அந்த நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீளம் மூன்று மடங்குக்கு மேல். வாங்குகிற அன்று இருக்கும் மீனுக்கு அல்ல, வளரப் போகிற மீனுக்குத் தொட்டி பார்க்க வேண்டும்.

அந்த வாரமே மலை ஏறினேன்.

தொட்டி சமையலறையில் இருந்தது, விறகடுப்புக்குப் பக்கத்தில். மலைக் குளிர் இந்த மீனுக்கு ஆகாது. அதனால் அடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து ஒரு வெளிச்சம் புகைக்குள் சாய்ந்து இறங்கியது. அந்த வெளிச்சத்தில் மீன் நின்றது. ஒன்றேகால் அடி இருக்கும், போன வருடம் நான் பார்த்தபோது இதில் பாதிதான். ஈயம் பூசிய பாத்திரத்தின் நிறம். நெஞ்சுக்குக் கீழே இரண்டு நீள இழைகள், கண் தெரியாதவர் சுவரைத் தடவுவதுபோலக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு சாண் முன்னால் போகும். ஒரு சாண் பின்னால் வரும். திரும்ப முயன்றால் வில்லாக வளையும். மூக்கு ஒரு கண்ணாடியில் இடிக்கும், வால் எதிர்க் கண்ணாடியில்.

பார்க்க முடியவில்லை. நான் வாங்கி வந்த தொட்டி அல்லவா?

“சொந்தக்காரங்க வந்தா கொழம்புக்கு ஆகுமான்னு கேக்கறாங்க” என்றார் பழனியம்மா. “எங்கையில வாழப்பழம் திங்கற மீனுங்க. அத எப்படி...”

“ஓடையில உட்டுரலாம்னு நாஞ் சொன்னேனுங்க” என்றார் ராசு.

ஓடையில் விடக் கூடாது என்றேன். பிழைத்தால் அங்கே இருக்கும் பொடி மீன்களுக்குக் கேடு. குளிரில் பிழைக்காவிட்டால் இதற்குக் கேடு. நான்கடித் தொட்டி ஒன்றை சேந்தமங்கலத்துக் கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டு வந்திருப்பதையும் பெருமையாகச் சொன்னேன். நான்கடிக்கு ஒன்றரை அடி. தோழி சொன்ன அளவு? நினைவிருந்தது. ஆனால் நான்கடி என்றால் வேன் வண்டியில் வரும், வாசலில் நுழையும், என் வேலையும் முடியும்.

பழனியம்மா மறுக்கவில்லை. வெளியே போய் ஒரு வாழை இலையோடு வந்தார்.

“வளந்தா எம்புட்டு நீளம் வருமுங்க?”

“இரண்டடி.”

இலையை இரண்டடிக்கு மீன் மாதிரி அரிவாள்மணையில் நறுக்கினார். கரித்துண்டால் தரையில் நான்கடிக்கு ஒன்றரையடி கோடு போட்டார். இலை மீனைக் கோட்டுக்குள் வைத்து மெதுவாக நகர்த்தினார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. திருப்பினார். மூக்கு கோட்டைத் தாண்டியது. மடக்கித் திருப்பினார். இலை நடுவில் கிழிந்தது.

அடுப்பில் விறகு வெடித்தது.

பிறகு கோடுகள் நகர ஆரம்பித்தன. இன்னோர் இலை மீன். ஐந்தடி, ஆறடி... கடைசியில் ஏழடி நீளம், மூன்றடி அகலம். அதற்குள் இலை மீன் எங்கும் இடிக்காமல் வட்டமடித்தது. பழனியம்மாவின் கையும் அதன் கூடவே மிதந்துபோனது. எனக்கு அந்தத் தரையே தண்ணீராகத் தெரிந்தது.

“இங்கதான நாம படுக்கறது?” என்றார் ராசு.

அப்போதுதான் கவனித்தேன். பனிக்காலம் முழுக்க அவர்கள் பாய் விரிக்கிற இடம் அது. அடுப்பின் கணப்பு விடிகிற வரைக்கும் இருக்கும் ஒரே சுவர். மறுபக்கம் விறகு அடுக்கியிருந்தது. அந்தப் பக்கம் ஒடுக்கம், தொட்டி நுழையாது.

ராசு தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தினார். மீன் ஒரு சாண் முன்னால் வந்தது. ஒரு சாண் பின்னால் போனது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெறகத் தூக்கி வெளிய சாப்புக் கொட்டாயில போட்டுட்டு நாம அந்தப் பக்கம் ஒடுங்கிக்கலாம். நமக்காவது பொரண்டு படுக்கக் கொஞ்சம் எடம் கெடைக்குமுல்ல” என்றார்.

நாம் அளக்கும்போதெல்லாம் நம் சுவரைத்தான் அளக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? இந்த மூலையில் எது அடங்கும் என்று பார்க்கிறோம். உள்ளே இருக்கப் போவது திரும்ப எவ்வளவு வேண்டும் என்று யோசிப்பதில்லை. மீனுக்கு மட்டுமா?

ஏழடிக் கண்ணாடித் தொட்டி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, அந்த வாசலுக்குள் வராது. அதனால் கொத்தனார் வந்தார். செங்கல் சிமெண்ட் தொட்டி. முன்பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி. தண்ணீரே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் என்பதால் அடியில் கல் பரப்பினார்.

புதுச் சிமெண்டில் மீனை விட்டால் செத்துவிடும். தண்ணீர் நிரப்பி, சிமெண்டின் காரம் இறங்க வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, வடித்து, மறுபடி நிரப்பினார்கள். மூன்றாவது வாரம் சோதனைக்கு இரண்டு பொடி மீன்களை விட்டார்கள். மறுநாள் இரண்டும் மிதந்தன. மறுபடி வடித்தார்கள். அதற்குள் போன் வந்தது.

“ரெண்டு நாளா பழத்தத் தொடலீங்க அக்கா. ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது.”

அந்தக் குரலுக்குப் பிறகு எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிவிட்டேன். நான் போன அன்று, இரண்டாம் தடவை விட்ட பொடி மீன்கள் மூன்று நாள் தாண்டி உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கூடையில் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். பழைய தொட்டித் தண்ணீரைப் புதியதில் ஊற்றிக் கலந்தோம். நனைத்த வேட்டியில் மீனை ஏந்தி, ராசு ஒரு முனையும் பழனியம்மா ஒரு முனையுமாகப் பிடித்து இறக்கினார்கள். வால் ஒரே அறை — ராசுவின் சட்டை முழுக்கத் தண்ணீர்.

மீன் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. அவ்வளவுதான். அசையவில்லை.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. கறுப்புக் காப்பி குடித்தோம். மத்தியானம் சாய்ந்ததும் மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்தது. புகை எது, பனி எது என்று தெரியவில்லை. தொட்டியின் எதிர்ச்சுவர்கூட மங்கிவிட்டது. தண்ணீர் அதற்கு அப்பாலும் போய்க்கொண்டே இருப்பதுபோல இருந்தது. மீன் ஒரு சாண் முன்னால் வந்தது. ஒரு சாண் பின்னால் போனது.

“அடப்பாவி” என்றார் ராசு மெதுவாக. “இன்னும் அந்தப் பழைய தொட்டியிலயேதான் இருக்குதா?”

மறுபடி ஒரு சாண். அங்கே நின்றது. இழைகள் இரண்டும் நீண்டு கண்ணாடியைத் தேடின. கண்ணாடி இல்லை. இன்னும் கொஞ்சம் நீண்டன. அங்கேயும் இல்லை. பிறகு அது போனது... நேராக, அவசரமே இல்லாமல், ஏழடியும். அந்தக் கடைசியில் வால் ஒரு தடவை அசைய, எதையும் இடிக்காமல் திரும்பியது.

பழனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். பழனியம்மா வாழைப்பழத்தைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றார். “வா சாமி, வா கண்ணு” என்று கூப்பிட்டார். மீன் வரவில்லை. அந்தக் கோடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

“விடிஞ்சதும் ரெண்டு பழம் தின்னுருச்சுங்க” என்று சிரித்தார், கையை எடுக்காமலே. “கூப்புட்ட ஒடனே வர, இப்ப அதுக்கு நேரமில்லீங்க.”