தண்ணி லாரியில் இரண்டு கண்கள்

வண்டிகளில் படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு உலகத்திலேயே பயங்கரமான சத்தம், வண்டிக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற செருப்புச் சத்தம். ஏதாவது பேசினால்கூடப் பரவாயில்லை. பேசாமல் நிற்பார்கள்.

ஆசைக்குச் செய்துகொண்டிருந்த ஒன்றை, நாலு பேர் "நல்லாருக்கே" என்று சொன்னதை நம்பித் தொழிலாக்கிக்கொண்டு, இப்போது காலையில் பயந்துகொண்டே எழுந்திருக்கிற அன்பர்களே, வீட்டில் கேக் செய்து விற்கிறவர்களே, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவர்களே, மெஹந்தி போடுகிறவர்களே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். கிழக்குத் தாம்பரத்தில் அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர்தான். அம்மா பள்ளி ஆசிரியை. புது ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பு முடிந்ததும் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அம்மா எனக்கு வேலைக்குச் சொல்லிவைத்தார். நான் வண்டிகளில் படம் போடப்போகிறேன் என்றேன். "ஸ்கூல் திறக்கிறவரைக்கும் பண்ணிப் பாரு. அதுக்குள்ள இது சோறு போடலன்னா ஜூன்ல ஆபீஸுக்குப் போற" என்றார். முதல் பறவையைத் தவிர, கீழே வருகிற மற்ற எல்லாவற்றையும் அந்த ஜூனை நினைத்து நினைத்துத்தான் வரைந்தேன்.

மீன்கொத்தி

முதலில் வரைந்தது, படிக்கும்போதே, என் பழைய ஸ்கூட்டரில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தி. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை வரைந்தாலும் கண்ணில்தான் ஆரம்பிப்பேன். கண் சரியாக விழுந்துவிட்டால் பயம் போய்விடும். மூக்கு, இறகு எல்லாம் தானாக வந்து உட்காரும். அன்று பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைந்தேன். ஒரு கால் குட்டையாகிவிட்டது. சிரித்துவிட்டு அப்படியே விட்டேன். என் வண்டி, என் பறவை, யார் கேட்பது?

தொழிலில் இறங்கிய புதிதில் ஒருநாள், கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக் பையன், "இத எங்க போட்டீங்க?" என்று கேட்டான். நான்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு அக்கா போடுவாங்க" என்றேன். அக்காவின் நம்பர் கேட்டான். என் நம்பரைச் சொன்னேன். பச்சை விழுந்துவிட்டது. அந்த வாரமே, கிஷோர் என்கிற அந்தக் கல்லூரி மாணவன், போனில் விலாசம் கேட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"கொஞ்சம் அக்காவக் கூப்பிடுறீங்களா?"

தின்னர்

அக்கா ஊருக்குப் போயிருக்கிறார், அவர் வரும்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படியோ சொல்லிமுடித்தேன். கிஷோர் தன் பைக்கின் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கொடுத்தான். மூடியைச் சுற்றிச் சின்னதாக ஒரு தீ வளையம் வேண்டும், அவ்வளவுதான். மேடவாக்கத்தில் சேகர் அண்ணா என்பவர் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கிறார். ஷெட்டின் பின்பாதியை அவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தேன். காசுக்கு வரைகிற முதல் படம். என் ஸ்கூட்டரில் ஒரு கோடு தவறினால், பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒரு துடைப்பு, முடிந்தது. இங்கேயும் ஒரு கோடு தவறியது. துடைத்தேன். அது ஏற்கெனவே யாரோ மலிவாக மறுபெயின்ட் அடித்த டேங்க் என்பது எனக்குத் தெரியாது. கோடு போனது, கூடவே கறுப்பும் போய், அடியிலிருந்து பழைய சிவப்பு எட்டிப்பார்த்தது.

கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் ஸ்கூட்டரை விற்றால் புது டேங்க் வாங்க முடியுமா என்று யோசித்தேன். பிறகு வேறு வழியில்லாமல், சிவப்பு தெரிந்த இடத்தின் மேல் ஒரு தீநாக்கை இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் நன்றாக இல்லையே என்று மறுபக்கமும் இழுத்தேன். முடித்தபோது டேங்க் முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. கிஷோர் நண்பனோடு வந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிஷோர் சொன்னது காதில் விழுந்தது:

"மச்சான், அந்த அக்காவே இருந்திருந்தாலும் இவ்ளோ தாராளமா போட்டிருக்க மாட்டாங்கடா!"

மூச்சு

ஜேக்கப் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மாவுக்குத் தெரிந்தவர். மகள் கல்யாணத்துக்காகத் தன் பழைய வெள்ளைக் காரின் இரண்டு பக்கமும் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை மெரூன் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு கேட்டார். கேட்பதற்குச் சுலபம். நீள முடி வைத்த பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தோய்த்து வைத்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போகவேண்டும். நடுவில் நின்றால் நின்ற இடம் காலத்துக்கும் தெரியும்.

ஒரு பக்கம் நல்லபடியாக முடிந்தது. மறுபக்கத்தில் பாதிக் கதவு தாண்டியபோது பின்னால் செருப்புச் சத்தம். வந்தது. நின்றது. பார்க்காதே, இழு, இழு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது, "டீ சாப்பிடுறியாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். கோடு ஒரு சின்ன முழங்காலை மடக்கி நீட்டியது. டேங்க் விஷயத்துக்குப் பிறகு தின்னரைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. இழுத்து முடித்துவிட்டு ஓரமாக நின்றேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல் மூக்கைக் கோட்டின் மேல் வைத்தபடி காரின் நீளத்துக்கும் நடந்தார். கதவருகே நின்றார். நிமிர்ந்தார்.

"இந்த இடத்துல மட்டும் மூச்சு விட்டுட்டபோல இருக்கே?"

கொசு

சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, தன் ஸ்கூட்டியில் செம்பருத்திப் பூக்கள் கேட்டாள். பூக்கள் நன்றாக வந்தன. கடைசியாகப் பளபளப்புக்குக் கிளியர் கோட் அடிக்கவேண்டும். ஈரம் காய்கிறவரை தூசிகூட விழக்கூடாது. நான் அடித்து முடித்தது பொழுது சாய்கிற நேரம். சதுப்பு நிலத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன வரும் என்று தெரியும். வந்தது. பெரிய செம்பருத்தியின் நடு இதழில் உட்கார்ந்தது. எழ முடியாமல் ஆறு காலும் ஒட்டிக்கொண்டது.

பிடுங்கினால் கோட் கிழியும். விட்டால் அங்கேயே சமாதி. காலையில் பார்த்தேன், கண்ணாடிக்குள் வைத்ததுபோல் இருந்தது. வண்டியைக் கொடுக்கும்போது அந்த இதழின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சாவகாசமாக நிற்க முயன்றேன். சாவகாசமாக நிற்பது எனக்கு வராத கலை. அவள் என் கையை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, கொசுகூட வரைஞ்சிருக்கீங்க! காலெல்லாம் நிஜமா இருக்கே! என் ஃப்ரெண்டு வண்டியிலயும் இதே கொசு வேணும்!"

ஞாயிற்றுக்கிழமைக்காரர்

வினோத் சார் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவர். ஞாயிறு தோறும் ஷெட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் ஹெல்மெட்டுகளுக்கு டிராகன், நட்சத்திரம் என்று வரைவார். என்னிடம் இருப்பதைவிட நல்ல பிரஷ்கள். பெயின்ட் வழிந்தால் விசிலடிப்பார். டிராகன் பல்லியாகிவிட்டால் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பார். போன வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். பொறாமையாக இருக்கும்.

ஒருநாள் நான் யாருடைய கார்க் கதவிலோ அளந்து அளந்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்ளோ டென்ஷன்? ஜாலியா பண்ணுங்க. போனா போகுது!" என்றார். முன்பக்கம் ஒரு மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்த சேகர் அண்ணா நிமிராமலே சொன்னார்:

"உனக்கு இன்னா சார், போனா ஹெல்மெட்டு. இந்தப் பொண்ணுக்குப் போனா சோறு."

கண்

மே மாதக் கடைசி. கையில் வேலை இல்லை. ஜூன் பக்கத்தில் வந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணா வந்தார். பெரும்பாக்கத்துப் பக்கம் பழைய கிராமத்துக் குடும்பம். வயல் இருந்த இடமெல்லாம் இப்போது அபார்ட்மென்ட். அந்த அபார்ட்மென்ட்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற டேங்கர் லாரிகள் இவருடையவை. ஒரு லாரியின் பின்பக்க வட்டத் தகட்டில் குலசாமி முனீஸ்வரனின் முகம் வேண்டும், முறுக்கு மீசையோடு. நன்றாக வந்தால் மீதி லாரிகளும் எனக்கே. வந்தால் நான் தப்பித்தேன். வராவிட்டால் காட்டாங்குளத்தூர் ஆபீஸ். தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மாவிடம் சொன்னேன். "கவனமா வரைடி, அடுத்தவங்க சாமி" என்றார்.

ஏணியில் ஏறினேன். கை நடுங்கிய நடுக்கத்தில் பிரஷ் தகட்டில் தாளம் போட்டது. இப்படி ஆகும்போது எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். கண்ணை முதலில் போட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு கண்கள். வெள்ளை, சிவப்பு நரம்புகள், கறுப்பு, அதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம். அற்புதமாக விழுந்தன. கை நடுக்கம் நின்றது. காசுக்கு வரைய ஆரம்பித்த பிறகு முதன்முறையாக எனக்குப் பயமே இல்லை. ஏதோ பாட்டைக்கூட முனகினேன்.

அன்று செருப்புச் சத்தம் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பினால், ஏகாம்பரம் அண்ணாவும் அவர் மனைவியும் ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள். வெறும் நீலத் தகட்டில், முகமே இல்லாமல், கண்கள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தன.

"யாரும்மா உன்ன கண்ணத் தொறக்கச் சொன்னது?" என்றார் அண்ணா.

சாமிக்குக் கண்தான் கடைசி. மீசை, கிரீடம் எல்லாம் முடிந்து, நாள் பார்த்து, பூசணிக்காய் உடைத்து, அதற்குப் பிறகுதான் கண்ணில் கறுப்பு வைப்பார்கள். பூசாரிக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது. இது எனக்குத் தெரியாததா? இந்த ஊரில் பிறந்தவள்தானே. ஆனால் நடுங்குகிற கைக்கு அதன் பழக்கம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"அழிச்சிடட்டுமா அண்ணா?" என்று தின்னர் துணியை எடுத்தேன்.

"ஐயோ, கண்ணுல துணிய வைக்காத!" என்று அலறினார் அவர் மனைவி.

"அப்ப, மீதி முகத்தையாவது..."

"முழிச்சிகினு இருக்கிறவரு மூஞ்சிமேல ஏணி போட்டு ஏறி மீசை வரைவியா நீ?" என்றார் அண்ணா.

அழிக்கவும் முடியாது, தொடரவும் முடியாது. இறங்கிப் போகலாம் என்றால் அந்தக் கண்களுக்கு முதுகைக் காட்டவேண்டும். நடு ஏணியில் நின்றேன். திறந்த கண்ணுக்கு உடனே கற்பூரம் காட்டியாகவேண்டும் என்று அண்ணாவின் மனைவி பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் தரையில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார். தரையெல்லாம் தின்னர் வாடை. நடு ஏணியிலிருந்து நான் கையை மட்டும் ஆட்டினேன். சுத்தியலோடு ஓடிவந்தது சேகர் அண்ணாதான்:

"யக்கா, தின்னர் கீது! சாமி நம்மளப் பாக்குறதுக்குள்ள நாம சாமிகிட்ட பூடுவோம்!"

ஜூன்

லாரியை ரோட்டுக்கு எடுத்துக் கற்பூரம் காட்டினார்கள். இரண்டு கண்களோடு அது போய்விட்டது. மீதி லாரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. சர்டிபிகேட் பையைப் பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்காக ஒரு காட்டன் சேலையை இஸ்திரிக்குப் போட்டார். திட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த லாரிக்கு ஏதாவது ஆனால்? பிரேக் பிடிக்காமல் போனால்? நேரம் கெட்ட நேரத்தில் கண்ணைத் திறந்தவள் நான். எங்கே ஹாரன் அடித்தாலும் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, பொருட்களை எடுத்துவரலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். ஜேக்கப் சார் காரில் கோடு போட வாங்கிய பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த லாரி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு லாரி. டிரைவர் பாபு குதித்து இறங்கினார். நான் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இன்னா யக்கா, ஒளிஞ்சிகினு? ஒண்ணும் ஆவல. முன்னல்லாம் பைக்குக்காரன் பின்னாடியே ஒட்டிகினு வருவான், பிரேக் அடிச்சா வந்து இடிப்பான், பேஜாரு. இப்ப ஒருத்தன் கிட்ட வர்றதில்ல. ஓனர் எல்லா வண்டிக்கும் போடச் சொல்லிட்டாரு. பூசாரி கற்பூரத்தோட ரோட்லயே நிக்கிறாரு, நீ பயப்படாத."

"முகம்?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"மூஞ்சி வேணாம். மூஞ்சி போட்டா அது படம் யக்கா. கண்ணு மட்டும்னா, அவரே உள்ள குந்திகினு பாக்குற மாதிரி கீது."

அதற்குப் பிறகு வேறு டேங்கர்காரர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் கண் மட்டும். சேலையை அம்மா பீரோவில் வைத்துவிட்டார். சர்டிபிகேட் பை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

ஆசைக்கு வரைந்தவரை நான்தான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைப்புக்கு வரைய ஆரம்பித்த பிறகு மேடவாக்கம் சிக்னலில் அது என்னைப் பார்க்கிறது, நானும் மற்றவர்களைப்போலவே ஸ்கூட்டரைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்திக்கொள்கிறேன்.