ஒவ்வொன்றாக வந்த பார்சல்கள்

கிருமாம்பாக்கத்தில் நான் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கரும்புக்கொல்லையை ஒட்டிய கடைசி வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். மெலிந்த, உயரமான ஆள். என் வண்டிச் சத்தம் கேட்டால் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டுதான் வெளியே வருவார்.

அடிக்கடி அவருக்கு ஏதாவது வரும். டீ வடிகட்டி, சோப்பு டப்பா, சீப்பு. பொருளின் விலையைவிட டெலிவரிக்கும் பேக்கிங்குக்கும் போட்டிருக்கும் காசு அதிகமாக இருக்கும். பெரியவர் அந்தக் காசைக் கொடுத்துவிட்டு, "செத்த இருப்பா, ஒடஞ்சிருந்தா நீதான் சாட்சி" என்று என்னை நிறுத்திவைத்து, பிளேடால் டேப்பை மெதுவாக அறுப்பார். உடைகிற பொருள் எதுவும் வந்ததில்லை. ஒருமுறை வந்தது துண்டு.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பெரியவரே, அவனுங்க இப்பிடி கொள்ளையடிக்கிறானுங்க, நீங்களும் குடுத்துக்கினே இருக்கீங்க? எல்லாத்தையும் ஒண்ணா ஆர்டர் போடுங்க. டெலிவரி ஃப்ரீ."

அவர் டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்பா. ஒண்ணா போட்டா எல்லாம் ஒரே நாள்ல வந்துடுமே."

நான் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது என்னை வில்லியனூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்தத் தெருவுக்குப் புதிதாகப் போகிறவரை ஆபீஸில் தினமும் பார்க்கிறேன். பெரியவர் டேப் அறுத்து முடிக்கும்வரை நிற்கிறாரா என்று கேட்க வாயெடுப்பேன். "அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்" என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே வண்டியை எடுத்துவிடுகிறேன்.