சிவப்பு மையில் எழுதிய உதட்டுப் புண்

யுத்த காலத்தில் மயிலாப்பூரின் கடலோரத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். தெரு முழுக்க எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள். நான் கணக்கு வாத்தியார். அவ்வப்போது என் கீழுதட்டோரம் குறுகுறுக்கும். மறுநாள் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பும். கருவாட்டுச் சூடுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, வீட்டில் கருவாட்டை நிறுத்தினேன். அப்புறமும் ஒருமுறை வந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்த ஆவி என்றேன்.

என் மனைவி தூத்துக்குடிக்காரி. அதுவரை பொறுத்திருந்தவள், மூன்றாவது பிள்ளை உண்டானபோது நெத்திலிக் கருவாடு கேட்டாள். வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. அது ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம். தெருவே கவுச்சியை விட்டிருந்தது. கர்ப்பிணிக்கு இந்த ஒறுத்தல் விரதம் இல்லை என்று மாதா கோயில் சாமியாரே சொல்லிவிட்டார். நான்தான் சம்மதிக்கவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். வீங்கின உதட்டோடு எப்படிப் பாடம் நடத்துவேன்?"

வாசலில் கூடையோடு நின்ற மீன்காரம்மா விடவில்லை. "இன்னா வாத்தியாரே, புள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேக்குது. உன் ஒதடுதான் பெருசா?"

இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு நாள் முன்பு உதடு வெடித்தது.

மனைவி என் டைரிகளை எடுத்து வந்தாள். தினமும் என்ன சமையல் என்று கறுப்பு மையிலும், உதட்டுப் புண்ணைச் சிவப்பு மையிலும் எழுதுவது என் வழக்கம்.

"தெருவுலயே கருவாடு இல்லை. இப்ப யார் வீட்டு ஆவிங்க?" என்றாள். பக்கங்களைப் புரட்டினாள். "இது போன இன்ஸ்பெக்‌ஷன். இது பெரியவனுக்கு டைபாய்டு. இது குண்டு விழும்னு ஊரே காலி பண்ணினப்போ. நீங்க பயந்தப்பல்லாம் சிவப்பு."

அன்று மாலையே டாக்டரிடம் டைரிகளோடு போனேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "அம்மா சொல்றது சரி. இந்தக் கிருமி ஒருதரம் உள்ளே வந்தா போகாது. நரம்போரமாப் படுத்துத் தூங்கும். காய்ச்சலோ கவலையோ வந்தா எழுந்துக்கும். கருவாடு என்ன பண்ணும், பாவம்!"

மறுநாள் மீன்காரம்மாவை நானே கூப்பிட்டேன். தவசு காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் நெத்திலி மணத்தது. மனைவி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அத்தனையும் தங்கியது. அதற்கு அடுத்த நாள் வீங்கிய உதட்டோடு இன்ஸ்பெக்டர் முன் நின்று பின்னக் கணக்கு நடத்தினேன். அவர் பார்த்தது கரும்பலகையை மட்டும்தான்.

அன்றைய பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'கருவாடு நிரபராதி.'

மனைவி பேனாவை வாங்கி அடியில் சேர்த்தாள்: 'பக்கத்து வீடும்.'